லிஃப்ட்காரருக்குப் படிக்கட்டு தெரியாது

மார்ச் 3

தம்பிக்கு,

மயங்கி விழாதே, எழுதுவது நான்தான். உன் அண்ணனுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் நீ மேடையேறி லிஃப்ட் வசனத்தைப் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையிலிருந்து எழுந்து வெளியே போன அதே அண்ணி. இரண்டு வருடமாக உன்னோடு பேச்சு இல்லை. இப்போதும் பேசவில்லை; எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம் வீணாய்ப் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் உன் அண்ணனைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். சின்ன முதலாளி தன் மேனேஜரை அனுப்பியிருந்தார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. ஒரு நாற்காலியில உட்கார்ந்து சாரைப் பத்தி நெகிழ்ச்சியா நாலு வார்த்தை பேசினா போதும். நடுவுல கொஞ்சம் கண்ணு கலங்கினா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். "எனக்கு நெகிழ்ச்சி வராது, எடிட்டிங்தான் வரும். அவரோட எல்லாப் படத்தையும் வெட்டி ஒட்டினவ நான். இதையும் நானே எடுக்கறேன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றேன். போய்ச் சொன்னார். சின்ன முதலாளியும் சரி என்றுவிட்டார். மனைவியே எடுக்கிற படம் என்றால் பத்திரிகைக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள் என்று கணக்கு.

பேட்டி எடுக்க ஆரம்பித்தேன். கூடவே தலைவலியும் ஆரம்பித்தது. பேராசிரியர், முடிதிருத்துகிறவர், என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவர், யார் பக்கம் காமிராவைத் திருப்பினாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே பாட்டு: "மேலே போறவனெல்லாம் உயர்ந்தவன் இல்ல! கீழே போறவனெல்லாம் தாழ்ந்தவன் இல்ல! நடுவுல மாட்டிக்கிட்டவன்தாண்டா மனுஷன்!" ஃப்ரிட்ஜ்காரர் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடவில்லை.

வாழ்நாளெல்லாம் படம் எடுத்த மனுஷன் விட்டுப்போனது, நின்றுபோன லிஃப்டுக்குள் ஒருவன் சுவரைப் பார்த்துக் கத்துகிற அந்தக் கத்தல் மட்டும்தானா?

அது எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவர்களில் நடித்தவர் போய்ச் சேர்ந்தார், எடுத்தவரும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் நாம் இரண்டு பேர். நான் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். எழுதிய கை உன்னுடையது. வந்து காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிட்டுப் போ. ஓரகத்தியை விசாரித்ததாகச் சொல். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பரிதாபம்தான்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரிதான் பிரித்தாள். பிரித்ததும், "உங்க அண்ணி எழுதியிருக்காங்க. முதல் வரியிலேயே மயங்கி விழாதேன்னு இருக்கு. எதுக்கும் கட்டில்ல உட்கார்ந்து படிங்க" என்றாள். உட்கார்ந்து படித்தேன், பிறகு படுத்துக்கொண்டு படித்தேன். பரிதாபம் என்ற வார்த்தையை மட்டும் அவள் நாலு தரம் படித்தாள். இனி இந்த வீட்டில் எனக்கு மதிப்பு என்று மிச்சமிருந்த கொஞ்சமும் போயிற்று.

அண்ணி, நீங்கள் கேட்கிற உண்மை எனக்கு மறக்கவில்லை. பெரிய முதலாளியை மறக்க முடியுமா? படத்தைப் போட்டுப் பார்த்ததும் எதையாவது ஒன்றை வெட்டச் சொல்லாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. தான்தான் முதலாளியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். அதற்கு அண்ணன் கண்டுபிடித்த வைத்தியம்தானே பலிகடா! ஒவ்வொரு படத்திலும், வெட்டப்படுவதற்கென்றே ஒரு மட்டமான காட்சியை எடுத்துச் செருகிவிடுவார். முதலாளி அதன்மேல் பாய்வார், வெட்டுவார், ஏப்பம் விடுவார். நல்ல காட்சியெல்லாம் பிழைத்துக்கொள்ளும். முதல் படத்தில் ஒரு குதிரைக் கனவு. இரண்டாவதில் ஒரு டாக்டர், தன் ஸ்டெதாஸ்கோப்போடு பேசுவார். இரண்டு தூண்டிலிலும் முதலாளி சரியாக மாட்டினார்.

லிஃப்ட் படத்துக்குக் கடா வளர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "டேய், உன்னால முடிஞ்ச வரைக்கும் கேவலமா எழுது. நீ வழக்கமா எழுதுறதை விடக் கேவலமா. முடியுமா?" தம்பிக்கு இப்படி ஒரு ஊக்கம் கொடுக்கிற அண்ணன் எங்கே கிடைப்பான்? குளியலறையில் உட்கார்ந்து எழுதினேன். ஹீரோவுக்கு ஒத்திகையில் சிரிப்பு அடங்கவே இல்லை. டேக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அடக்கிய சிரிப்பு கண் வழியாக வந்தது. அந்தக் கண்ணீரைப் பற்றித்தான் இன்று இரண்டு பேர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். படம் ஓடி முடிந்து விளக்கு எரிந்தபோது பெரிய முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த சீன்ல யாராவது கைய வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன். ஆனா படம் நீளம்யா. அந்தப் பொம்பளை லிஃப்டுல போற சீனைத் தூக்கிடு." கடா பிழைத்தது, வீட்டுப் பிள்ளை போனது.

எல்லாம் சரி. ஆனால் நான் எப்படி வந்து சொல்வேன்? இந்த ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நடுவுல மாட்டிக்கிட்டவன்' என்றால்தான் தெரியும். கல்லூரியில் கூப்பிட்டால் அந்த வசனம். லிஃப்ட் கம்பெனி ஆண்டுவிழாவில்கூட அந்த வசனம் (விழாவில் லிஃப்ட் நின்றுவிட்டது, அது வேறு கதை). பிறகு முப்பது வருடமாக நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்துச் சிரித்தவர்களைவிட, அதைக் கேட்டு அழுதவர்கள் அதிகம். என் சம்பந்தி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். என் பெண்ணைக் கேட்டு அவர்கள் வந்ததே அதனால்தான். இது மட்டமாக எழுதச் சொல்லி எழுதினது என்று சொன்னால், அந்த மனுஷன் சட்டத்தைக் கழற்றுவாரா, என்னைக் கழற்றுவாரா?

ஒரு யோசனை சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் ஆவணப்படத்திலும் சின்ன முதலாளிக்கு ஒரு கடாவை விடுங்கள். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தால் அதை வெட்டிவிட்டு ஏப்பம் விடுவார். மற்றது உங்கள் இஷ்டம்.

தங்கள் கொழுந்தன்


மார்ச் 19

தம்பிக்கு,

கடா விடமாட்டேன்.

ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன். உன் அண்ணன் எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். நான் சமையலறையில் காய் நறுக்கும்போது, கதவில் சாய்ந்து நின்றுகொண்டு படத்தைச் சொல்வார். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ விளக்குப் போட்டால், "அவன் இப்ப கடன்காரனுக்குப் பயந்து விளக்கை அணைப்பான் பாரு" என்பார். உடனே விளக்கு அணையும். கதை அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போகும். ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி போகும். என் கத்தி எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். "நின்னுச்சு! அதான் சீன்!" என்று கத்துவார். கத்தி நிற்காததெல்லாம் படத்தில் வராது. நான் வெங்காயம் நறுக்கும்போது கத்தி நின்றால் மட்டும் அவர் நம்ப மாட்டார்.

பொம்பளை லிஃப்டில் போகிற சீன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாயே. அதை அவர் சொன்ன அன்று நான் கத்தியைக் கீழேயே வைத்துவிட்டேன். நீ மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். லிஃப்ட்காரன் வீட்டில் தினமும் பெருமை அடிக்கிறான்; நான் இல்லாவிட்டால் அந்த எட்டு மாடியும் ஏறாது என்கிறான். ஒருநாள் அவன் பெண்டாட்டி பார்க்க வருகிறாள். தன் முக்காலியில் அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்து காட்டுகிறான். எட்டாவது மாடியில் இறங்கி, கையை நீட்டி வேடிக்கை காட்டுகிறான். அவள் இறங்கவில்லை. பொத்தானை அழுத்துகிறாள். கதவு மூடுகிறது. தனியாகக் கீழே போகிறாள், மேலே வருகிறாள், சிரித்துக்கொண்டே போகிறாள். இவன் கீழே இறங்கலாம் என்று பார்க்கிறான். அப்போதுதான் தெரிகிறது: இத்தனை வருடம் வேலை பார்த்த கட்டடத்தில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. கேட்க வெட்கம். மற்றவர்களைப் போலக் கதவுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்துகிறான். லிஃப்ட் அவன் மாடியில் நிற்காமல் போகிறது.

அதை வெட்டச் சொன்னபோது உன் அண்ணன் என்ன செய்தார்? "சரிங்க முதலாளி" என்றார். வீட்டுக்கு வந்து, "விடு, அடுத்த படத்துக்குப் பெரிய கடாவா விடுவோம்" என்றார். விட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கடா பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில், பாதிக் கற்பனை நல்லதை யோசிப்பதற்கும் மீதிப் பாதி அதைக் காப்பாற்ற மட்டமானதை யோசிப்பதற்கும் செலவானது. முதலாளியை ஏமாற்றியதாக நீங்கள் இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். யாரை ஏமாற்றினீர்கள்?

ஸ்டுடியோவிலிருந்து நிபந்தனை வந்துவிட்டது. படம் அந்த வசனத்தில் ஆரம்பித்து அந்த வசனத்தில் முடிய வேண்டும். கடா என்ற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது. வெட்டிய காட்சி பற்றி மூச்சு விடக் கூடாது. ஒத்துக்கொண்டால்தான் அவர் படங்களிலிருந்து காட்சிகளைப் பயன்படுத்த விடுவார்களாம். புது அரங்கம் கட்டுகிறார்கள். வாசலில் உன் வசனத்தைக் கல்லில் செதுக்கப் போகிறார்களாம். உன் சம்பந்திக்குச் சொல், மாட்டுவதற்கு இன்னும் பெரியது வருகிறது.

நீ வருகிறாயா, இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

திட்டாமல் படியுங்கள். திட்டுவதென்றால் முதலிலேயே திட்டி முடித்துவிட்டுப் படியுங்கள்.

நான் உங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போனேன். வீட்டுக்கு வர தைரியம் இல்லை. சின்ன முதலாளியைப் பார்க்கப் போனேன். அரங்கத்துக் கல்லைத் திறந்து வைத்து, வசனத்தையும் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார். எதற்கும் பேசிப் பார்க்கலாமே, பேசினால் கரையாத கல் உண்டா என்று நினைத்தேன். (உங்களைத் தவிர.)

அவர் அறையில் விருந்தாளி நாற்காலி தரையோடு தரையாக இருக்கிறது. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கிறது. அவர் தலைக்கு மேலே அவர் அப்பா படம். ஆக, அப்பனும் பிள்ளையும் சேர்ந்து குனிந்து பார்க்கிறார்கள். குளிர் வேறு. எனக்குப் பல் கிட்டித்தது. பயந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். தப்பாகவும் நினைக்கவில்லை.

"அங்கிள், ஆன்ட்டிக்கு என்ன பிரச்சினை? உலகமே கொண்டாடுற சீன் அது. அதைப் போய் மட்டம்னு சொன்னா, எங்கப்பாவோட ரசனைய மட்டம்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

ஆகும் தம்பி, அதேதான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பிறகு இழுத்துப் பறித்து ஒரு வழிக்குக் கொண்டு வந்தேன். நான் விழாவுக்கு வந்து வசனம் பேச வேண்டும். பேசினால், வெட்டிய காட்சி என்று ஒன்று இருந்தது என்பதை உங்கள் படத்தில் ஒரே ஒரு வரி சொல்லிக்கொள்ளலாம். ஒரு வரி, அண்ணி! ஒரு வரியில் எவ்வளவோ சொல்லலாம். நான் எழுதித் தருகிறேன்.

என் வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, "உங்க அண்ணி இதுக்கு ஒத்துக்குவாங்கன்னா நினைக்கிறீங்க?" என்றாள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தன்


ஏப்ரல் 8

தம்பிக்கு,

ஒரு வரியை நீயே வைத்துக்கொள்.

ஸ்டுடியோ கொடுத்த படப்பிரதிகளை எல்லாம் நேற்று நானே கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். "இதெல்லாம் இல்லாம எப்படிம்மா படம் எடுப்பீங்க? டைரக்டரைப் பத்தின படத்துல டைரக்டரோட படமே இல்லைன்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒன்று செய்தேன். நான் பேட்டி கண்ட ஜனங்களிடமே திரும்பப் போனேன். "வசனம் வேண்டாம். உங்களுக்கு நினைவில் இருக்கிற ஒரு காட்சியைச் சொல்லுங்கள். முடிந்தால் நடித்துக் காட்டுங்கள்" என்றேன். தம்பி, நீ இருந்திருக்க வேண்டும். முடிதிருத்துகிறவர் கத்தரியும் சீப்புமாக ஒரு கல்யாணச் சண்டையையே நடத்திக் காட்டினார்; நாற்காலியில் அரைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர் மாமனாராக நடித்தார். ஒரு நர்ஸ் சொன்னார்: லிஃப்ட்காரன் முக்காலியில் தூங்கிப்போகிறான், லிஃப்ட் அவனை எழுப்பாமல் தானாகவே மெதுவாக ஏறி இறங்குகிறதாம். அப்படி ஒரு காட்சி எந்தப் படத்திலும் இல்லை! எடுத்ததும் இல்லை, வெட்டியதும் இல்லை. ராத்திரி டியூட்டியில் அந்த அம்மாள் தானாகவே எடுத்து வைத்திருக்கிறார். "இல்லவே இல்லையா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். "நான் பார்த்தேங்க!"

இன்னொருவர், மரக்கடைக்காரர், உன் அண்ணனோடு பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து போனாராம். தான் முத்துக்குளிக்கிறவன் என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். இவர் மூச்சடக்கும் வித்தையைக் கேட்க, அவர் பஸ் நிற்கும்வரை சொல்லிக் கொடுத்திருக்கிறார். "அதைச் செஞ்சுதாங்க எனக்கு இளைப்பு போச்சு. அவரா டைரக்டர்? போங்கம்மா, அவருக்குக் கடலைத் தவிர ஒண்ணும் தெரியாது."

எனக்கு இந்த மனுஷன் வேண்டும். கல்லில் செதுக்குகிற ஆள் வேண்டாம்.

நீ போய்க் கல்லைத் திற. குனிந்து திற, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

விழா முடிந்தது. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். படித்தது பொய்.

திரையை விலக்கினேன். நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் கல்லில் இருந்தது. கீழே 'மக்கள் இயக்குநர்' என்று அண்ணன் பெயர். என் பெயர் இல்லை. முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் அந்த வசனத்துக்கு நான்தான் அப்பன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர்! இப்போது உண்மையை எழுதினால், உங்கள் கடிதத்தைவிட அந்தக் கல்தான் என்னை உசுப்பிவிட்டது. பெரிய காரணத்துக்காகவெல்லாம் ரோஷம் வருகிற ஜாதி நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மைக்கைப் பிடித்தேன். "இந்த வசனம் மட்டமா எழுதச் சொல்லி எழுதினது" என்றேன். சிரித்தார்கள். "எங்கண்ணன் இதை வெட்டறதுக்காகவே எடுத்தார்" என்றேன். விசில் பறந்தது. "ஹீரோ அழலைங்க, சிரிப்பை அடக்கினார்" என்றேன். மேஜையைத் தட்டினார்கள். "நான் விளையாட்டுக்குச் சொல்லலை!" என்று கத்தினேன். அண்ணி, என் ஆயுளில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை. சின்ன முதலாளி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அங்கிள், என்ன ஒரு தன்னடக்கம்!"

நகைச்சுவை எழுதிப் பிழைத்தவன் வாயிலிருந்து உண்மை வந்தால் இந்தக் கதிதான்.

பிறகு கூட்டம் கேட்க ஆரம்பித்தது. "வசனம்! வசனம்!" நான் வாயைத் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கொஞ்ச நேரம் அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் இருமினார்கள். அப்புறம் அமைதியானார்கள். சின்ன முதலாளி கண்ணால் கெஞ்சினார், பிறகு கண்ணால் மிரட்டினார். நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கைதட்டல் இல்லாமல் ஒரு மேடையை விட்டு இறங்குவது இதுதான் முதல்முறை. மூன்று படிதான், எண்ணி எண்ணி இறங்கினேன்.

சம்பந்தி முன்வரிசையில் இருந்தார். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது.

உங்கள் படத்தில் எனக்கு இடம் உண்டா? பேசுவதற்கு வேண்டாம். நான் பேசினால் என்ன ஆகிறது என்று பார்த்தீர்களே.

கொழுந்தன்


மே 6

தம்பிக்கு,

பத்திரிகையில் 'உணர்ச்சிப் பெருக்கில் பேச இயலாமல் நின்றார்' என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தேகம்தான். உனக்கு உணர்ச்சி வந்தால் முதலில் வாய்தான் வேலை செய்யும்.

இடம் உண்டு. பேச வேண்டாம், நடிக்க வேண்டும். வெட்டிய காட்சியை நாமே எடுக்கப் போகிறோம். லிஃப்ட்காரன் நீ. பெண்டாட்டியாக நான். முகத்தைச் சுளிக்காதே. நீ ஹீரோவும் இல்லை, நான் ஹீரோயினும் இல்லை. இரண்டு பேர் வயசையும் கூட்டினால் நூறுக்கு மேல் வரும். ஃப்ரிட்ஜ்காரரின் மச்சான் வேலை பார்க்கிற கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்டை நமக்குத் தருகிறார்கள். பேட்டியெல்லாம் ஒளிப்பதிவு செய்த பெண்ணே இதையும் எடுக்கிறாள்.

ஸ்டுடியோவிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்கள் படங்களில் உள்ள காட்சிகளைக் காட்டக் கூடாது, நடிக்கக் கூடாது, விவரிக்கவும் கூடாதாம். முடிதிருத்துகிறவர் பயந்துவிட்டார். "அம்மா, நான் கடையிலயும் பேசக் கூடாதா?" என்று கேட்டார். நான் சின்ன முதலாளியைப் போனில் பிடித்தேன்.

"பொண்டாட்டி லிஃப்டுல தனியாப் போற சீன் உங்க படத்துல இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஏன் இல்ல?"

"அப்பா வெட்டச் சொல்லிட்டாருன்னு நீங்கதானே..."

"வெட்டினதை எங்க வச்சீங்க?"

"அதெல்லாம் குப்பையில போட்டிருப்பாங்க ஆன்ட்டி."

"நீங்க குப்பையில போட்டதை நான் பொறுக்கி எடுத்தா அது யாருடையது?"

வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நர்ஸ் சொன்ன காட்சியும் அவர்களுடையது இல்லை, முத்துக்குளிக்கிறவரும் அவர்களுடையவர் இல்லை. மற்றதை, கல்யாணச் சண்டை உட்பட, படத்திலிருந்து எடுத்துவிட்டேன். பயந்து எடுக்கவில்லை. அவர்களுடையது ஒரு துணுக்குகூட என் படத்தில் இருக்கக் கூடாது. அவர்கள் வெட்டியதும், உன் அண்ணன் எடுக்காததும், ஜனங்கள் தாங்களே எடுத்துக்கொண்டதும் போதும். முடிதிருத்துகிறவருக்குத்தான் மனத்தாங்கல். அவருக்கு நீ நடிக்கிற காட்சியில் ஒரு வேஷம் கொடுத்திருக்கிறேன்.

தாடியை எடுத்துவிட்டு வா. ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மானம்தான் இன்னும் வீங்கியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஒத்திகையில், இரண்டு தடவை நிற்காமல் போனதும் காட்சி முடிந்தது, மூன்றாம் தடவை என்னை ஏற்றிக்கொள்ள லிஃப்ட் என் மாடியில் நிற்கும் என்றுதானே பேச்சு? நான் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு தரம் போனீர்கள். சரி, காட்சி. இரண்டாம் தரம் போனீர்கள். சரி. மூன்றாம் தரமும் கதவின் கண்ணாடியில் உங்கள் புடவை தெரிந்தது, போய்விட்டது. சிரிப்புச் சத்தம் மட்டும் குழாயில் வருகிற மாதிரி மேலே வந்தது. ஒளிப்பதிவுப் பெண் காமிராவை நிறுத்துவாள் என்று பார்த்தேன்; அவள் என்னைப் பார்க்கவே இல்லை, என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்த ஒரு கணக்காளர் அம்மாள் கோப்போடு வந்து, "என்னப்பா, லிஃப்ட் ரிப்பேரா? போர்டு மாட்ட வேண்டியதுதானே!" என்று என்னை அதட்டினார். அவர் நடிகை என்று நினைத்து நானும், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன். கடைசியில் பார்த்தால் அவர் நிஜ ஆள்.

படிக்கட்டைத் தேடினேன். தேடுகிற மாதிரி நடிக்க வேண்டும் என்றுதான் போனேன். நிஜமாகவே கிடைக்கவில்லை! கதவு கதவாகத் திறந்தேன். ஒன்றில் துடைப்பங்கள், ஒன்றில் மின்சாரப் பெட்டி, ஒன்றில் முடிதிருத்துகிறவர், வேஷம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது நடிப்பு இல்லை, முழங்கால்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அண்ணன்மேல் எனக்கு ஒரு கோபம் வந்தது. அவர் போன பிறகு முதல்முறையாக. இவ்வளவு நல்ல காட்சியை வைத்துக்கொண்டு 'சரிங்க முதலாளி' என்று எப்படித்தான் சொன்னாரோ! ஒரு தரம், ஒரே ஒரு தரம், 'முடியாது' என்று சொல்லியிருந்தால் என்ன? கூடவே இருந்து சிரித்தவன் நான், கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வந்தது.

என் வீட்டுக்காரி உங்களோடு லிஃப்டுக்குள் உட்கார்ந்து வந்தாளாமே? காமிராவில் விழாமல் தரையோடு ஒட்டிக்கொண்டு? "உங்க அண்ணி நிறுத்தப் போனாங்க, நான்தான் இன்னொரு ரவுண்டுன்னு சொன்னேன்" என்கிறாள். இதைப் பெருமையாக வேறு சொல்கிறாள்.

கொழுந்தன்


ஜூன் 30

தம்பிக்கு,

நேற்று நூலகத்துக் கூடத்தில் நம் படத்தை முதல்முறையாகப் போட்டோம். உனக்குக் காய்ச்சல் என்று ஓரகத்தி போனில் சொன்னாள். சம்பந்தி வீட்டு விருந்தில் சாப்பிட்டதால் வந்த காய்ச்சல் என்றும் சொன்னாள். ஆக, அவர் பேச ஆரம்பித்துவிட்டார். சட்டத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் பேத்தியின் படத்தை மாட்டியிருக்கிறாராமே. நல்ல ரசனை.

கூடம் நிறைந்துவிட்டது. நர்ஸ் தன் வார்டையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தன் காட்சி வந்ததும் பக்கத்திலிருந்தவரை இடித்து, "இல்லைன்னு சொன்னாங்களே, இப்ப பாரு!" என்றார். நீ எட்டாவது மாடியில் துடைப்பக் கதவைத் திறந்தபோது ஜனங்கள் சிரித்தார்கள். நீ தரையில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு லிஃப்ட் நிற்காமல் போனது. யாரும் இருமவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தியிருந்தார்கள்.

சின்ன முதலாளி வந்திருந்தார். கடைசி வரிசையில், வக்கீலோடு. விளக்குப் போட்டதும் வக்கீல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சின்ன முதலாளி நேராக என்னிடம் வந்தார்.

"ஆன்ட்டி, லிஃப்ட் படத்தைப் புதுசாக்கித் திரும்ப ரிலீஸ் பண்றோம். அந்த சீனை எங்களுக்குக் குடுங்க. நடிச்ச ஆளு வேறன்னாலும் பரவாயில்ல, அதே இடத்துல சேர்த்துடறோம். 'முதல்முறையாக முழுமையான வடிவில்'னு போடலாம். உலகமே பார்க்கும்."

"உங்கப்பா வேண்டாம்னு சொன்னாரே."

"அப்பா காலம் வேற ஆன்ட்டி."

"உங்க படம் நீளமாயிடுமே."

"பரவாயில்ல, வேற எதையாவது வெட்டிடலாம்."

"எதை?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். அப்பாவுக்குப் பிடித்த அந்த வசனத்தை வெட்ட அவருக்கு மனசு வராது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, தம்பி. உன் அண்ணன் படத்தில், அவர் வைத்த இடத்தில், அந்தக் காட்சி. பெரிய திரை. கத்தியைக் கீழே வைத்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதுதானே.

பிறகு அவர் சொன்னார்: "ஒரே ஒரு சின்ன மாற்றம் ஆன்ட்டி. கடைசியில லிஃப்ட் அவர்கிட்ட வந்து நிக்கட்டுமே. ஜனங்களுக்கு ஒரு திருப்தி."

"முடியாது" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நிக்காது. உங்களுக்கு ஒரு ஃப்ரேம் கூடக் கிடையாது" என்றேன். வக்கீல் அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நாளைக்கு வேறு நோட்டீஸ் வரும். வரட்டும், அதையும் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருமாகப் படிப்போம்.

நூலகத்தில் இனிமேல் கூடம் தர மாட்டார்களாம். யாரோ மேலிடத்தில் பேசியிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை மரக்கடையில் போடுகிறோம். திரை கட்ட மூங்கில் இருக்கிறது, ஜனங்களுக்கு உட்காரத்தான் ஒன்றும் இல்லை. நர்ஸ் வேலை பார்க்கிற மருத்துவமனையிலிருந்து நாற்காலிகளை எடுத்து வர வேண்டும். காய்ச்சல் விட்டதும் கிளம்பி வா. தூக்க ஆள் போதவில்லை.

அண்ணி